துரத்தப்பட்டவர்களுக்கு பிரேம் போட்ட கதை

படத்துக்கு பிரேம் போடுகிறவன் கண்ணாடியைத் துடைத்தோமா, ஆணி அடித்தோமா என்று இருக்க வேண்டும். படத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் பிழைப்பு நாறிவிடும். கடை வைத்துப் பாடுபடும் உங்களுக்குத் தெரியாததா? ஆர்.எஸ்.புரத்தில் என் கடை. போன வருஷம் காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவர் தன் புது வீட்டுக்குப் படம் மாட்ட என்னைப் பிடித்தார். அவருடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. வீடு கட்டிய மேஸ்திரி முதலிலேயே என் காதில் போட்டிருந்தார்.

வசுதேவர் எந்தப் பக்கம் போகிறார்?

கூடையில் குழந்தையைச் சுமந்து, கொட்டும் மழையில் யமுனையைக் கடந்து தப்பிக்கும் வசுதேவர். பழைய காலத்து அச்சுப் படம். நிலைவாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று ஒரு எட்டு பின்னால் வந்தேன். மில்காரர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த சுத்தியல் புது டைல்ஸில் விழுந்தது. சாமி படம் வீட்டுக்குள் வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள்; நான் மறந்துவிட்டேன். வசுதேவர் விறுவிறுவென்று வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுக் கொழந்தைய வெளிய தூக்கிட்டுப் போற மாதிரி மாட்டிப்போட்டீங்களே, மொதல்ல கழட்டுங்க!"

மாற்றுத் துணி

அடுத்த படம் தேர்ந்தெடுக்க மில்காரர் மனைவியோடு கடைக்கு வந்தார். மேஜை மேல் வேறொருவருக்காக பிரேம் போட்ட படம் இருந்தது. ஆதாமையும் ஏவாளையும் தோட்டத்திலிருந்து தேவதூதன் வாளோடு விரட்டும் பழைய ஓவியத்தின் நகல். இது என்ன கதை என்று அந்தம்மா கேட்டார். வாய் சும்மா இருக்குமா? பேச்சுக் கேட்கவில்லை என்பதற்காக, உண்டாக்கியவரே இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார் என்று சொல்லி முடித்தேன். அப்புறம்தான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. காரைத் தள்ளி நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு மில்காரர் வெளியே போய்விட்டார். அந்தம்மா ஏவாளின் அழுத முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறப்ப அந்தப் புள்ளைக்கு மாத்துத் துணியாச்சும் குடுத்துவுட்டாங்களா, தம்பி?"

ஓரத்தில் நின்றவள்

மறு வாரம் மில்காரர் தனியாக வந்தார். கையில் குடும்ப போட்டோ. அவரும் மனைவியும் உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் ஓரமாக மகள் நிற்கிறாள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு பிரேம் போடச் சொன்னார். முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஸ்கேலை வைத்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், பிளேடால் ஒரே இழுப்பு. கண்ணாடி போட்டுத் திருப்பிய பிறகுதான் பார்த்தேன். அவர் தோளில் ஒரு கை இருந்தது. வளையல் போட்ட கை, மணிக்கட்டு வரை. ஆள் இல்லை.

இன்னும் வெட்டினால் அவர் தோளும் சேர்ந்து போய்விடும். பெயின்ட் தொட்டு மறைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

"கை இருந்துட்டுப் போகட்டுமுங்க தம்பி, நீங்க பேப்பர்ல சுத்திக் குடுங்க."

அன்றிலிருந்து யாராவது வந்து ஓரத்தில் நிற்கிறவரை வெட்டச் சொன்னால், பிளேடு மழுங்கிவிட்டது, பத்து நாள் கழித்து வாருங்கள் என்று வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.