பேசாமல் நடந்த மணல்திட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புன்னைக்காயலைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் குடும்பம் குடும்பமாக நடக்கப் போயிருந்தோம். தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் டீச்சர் ஒருவர் கூட்டிப்போனார். என்னோடு மனைவியும் ஏழு வயது மகளும் வந்திருந்தார்கள். துறைமுகச் சாலையின் லாரி இரைச்சலிலிருந்து அரை நாள் தப்பித்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"செல்போனை அணைச்சுப் பையில வச்சுருங்க. நான் கையைத் தூக்குற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. கண்ணும் காதும் மட்டும் வேலை செய்யட்டும்" என்றார் டீச்சர். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் பட்டது. என் மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கணுக்கால் நனையும் ஓடை ஒன்றைக் கடந்து, அலையாத்திப் புதர்களுக்கு அப்பால் இருந்த மணல்திட்டில் ஏறினோம். வானம் பளிச்சென்றிருந்தது. கொக்கும் உள்ளானும் கூட்டமாக நிற்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒன்றுகூட இல்லை. ஈர மணலில் நண்டுப் பொந்துகள் இருந்தன. நண்டு எதுவும் வெளியே வரவில்லை. பேசாமல் நடந்தபடியே, பறவை ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். முன்னால் போன டீச்சரும் அடிக்கடி நின்று நின்று சுற்றிலும் பார்த்தார்.

மகள் என் விரலைப் பிடித்து இழுத்தாள். வாய் திறக்கவில்லை. பின்பக்கம் கையை நீட்டினாள்.

நாங்கள் கடந்து வந்த ஓடை, ஆறாகக் கிடந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் ஆகாயத்தாமரையும் சுமந்து, சத்தமே இல்லாமல் அகன்றுகொண்டிருந்தது.

"தண்ணி!" என்று கத்தினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

அதற்குள் அக்கரையிலிருந்து வள்ளம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. அதில் இருந்த மீனவர் கை வீசிக் கத்தினார். "இங்கன என்ன செய்யுதிய? மேல பெரிய மழை, அணையில இருந்து தண்ணி திறந்து விட்டாச்சு! பிள்ளையள முதல்ல ஏத்துங்க!"

பிள்ளைகளைத் தூக்கி வள்ளத்தில் போட்டோம். மகள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இன்னொரு தடவை வருவதற்கு நேரம் இருக்காது என்று மீனவர் சொன்னதால், பெரியவர்கள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினோம். இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. காலுக்கடியில் மணல் கரைந்து நழுவியது. என் மனைவி என் சட்டைக் காலரை விடவே இல்லை.

கரையேறியதும் டீச்சர் எங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. அப்படியும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

நாங்கள் நின்றிருந்த திட்டு கண்ணெதிரே மறைந்தது. அதன் மேல் குலையோடு ஒரு வாழைமரம் மிதந்து போனது. அடுத்து இன்னொன்று. பிறகு வரிசையாக வந்தன.

"ஏரல் பக்கத்து வாழை" என்றார் மீனவர். "மேல என்ன ஆச்சோ, மாதாவே."

ஏரலுக்குப் பக்கத்தில்தான் என் மனைவியின் அக்கா வீடு, ஆற்றங்கரைத் தோட்டத்தை ஒட்டி. நனையாத ஒரு போனை வாங்கி மனைவி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம்தான் அக்காவே கூப்பிட்டாள். பள்ளிக்கூட மாடியில் இருக்கிறார்களாம். "ஆளுக எல்லாரும் இருக்கோம்ளா. வீட்டைப் பத்தி இப்போ கேக்காத" என்றாள்.