மஞ்சள் பூசிய தவளை வண்டி

அந்தக் காருக்குப் பின்பக்கம் டிக்கி மாதிரி ஒரு வீக்கம் உண்டு, அதைத் திறக்க மூடி கிடையாது. கதவு உண்டு, வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத் துழாவித்தான் திறக்க வேண்டும். அதைச் செய்த வெள்ளைக்காரன் இதையெல்லாம் தெரிந்தே விட்டானா, கப்பலுக்கு நேரமாச்சு என்று பாதியில் அனுப்பிவிட்டானா என்று பாண்டியம்மாள் ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் முடிவு தெரியவில்லை.

சம்மட்டிபுரத்தில் நல்லகாமன் வீட்டு ஷெட்டில் நின்றது அந்தக் கார். நல்லகாமன் மில்லில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது இவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போன வண்டி. ரெண்டே சீட்டு, மேலே கூரை இல்லை. பாலாடை நிறம். முன்பக்கம் மூடிக்கு மேலேயே ரெண்டு லைட்டும் முழி பிதுங்கி நிற்கும், கீழே கம்பிவாய் காதுவரைக்கும் இளிக்கும். தெருவில் அதற்குத் தவளை வண்டி என்று பெயர். பெயர் வைத்தது நான்தான் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பாண்டியம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. லாரிக்காரன் சின்னானைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவள். சின்னான் மாதத்தில் நாலு நாள் வீட்டிலிருப்பான், அதில் மூன்று நாள் தூங்குவான். பிள்ளைகள் மூன்றும் ஆண். வருவார்கள், தட்டைத் தட்டுவார்கள், தின்பார்கள், போவார்கள். அவள் நல்லகாமன் வீட்டில் பாத்திரம் தேய்க்கத்தான் வந்தாள். அவள் தேய்த்த குத்துவிளக்கில் ஒருநாள் தன் முகம் தெரிந்ததைப் பார்த்த நல்லகாமன், "ஏம்மா, அந்த பம்பரையும் ஒரு தேய் தேயேன்" என்றார்.

அவளும் தேய்த்தாள், புளியையும் சாம்பலையும் போட்டு.

"அடி ஆத்தா! இதென்ன பித்தளைச் சொம்பா?" என்று நல்லகாமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மங்கிப்போன சாமான் எல்லாத்துக்கும் புளிதாண்ணே."

அடுத்து சீட்டுத் தோல் வெடிக்கிறதே என்று பாவப்பட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். ஊரில் உள்ள எறும்பெல்லாம் அந்த வாரம் காரில்தான் குடியிருந்தது. அதன்பிறகுதான் அவர் ஒரு மெழுகு டப்பாவையும் பழைய பனியன் துணியையும் கொடுத்து, வெயிலில் வைத்துத் தேய்க்காதே, வட்டவட்டமாகத் தேய், மெழுகு காயாமல் துடைக்காதே என்று சட்டதிட்டம் போட்டார். "மெழுகு இல்லேன்னா எந்தக் கறையும் பெயிண்டுல இறங்கிரும். பெறகு அம்புட்டுத்தான்" என்றும் சொன்னார். இதை அவர் சொன்னாரா, சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்பதுதான் பின்னால் பெரிய கேள்வியாகப் போனது.

நல்லகாமன் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் போவார், திரும்பி வருவார். வரும்போது தலைமுடி குருவிக்கூடாக இருக்கும், வாய் அந்தக் கம்பிவாய் மாதிரியே இருக்கும். கையில் ஒரு கத்தரிக்காய்கூட இருக்காது. ஒன்றும் வாங்காமல் வருவதற்கு ஒருவர் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது பாண்டியம்மாளின் இன்னொரு குழப்பம். கேட்டால், "சும்மா போயிட்டு வாறேன்" என்பார். சும்மா போவதற்கா இத்தனை மெழுகு?

ஆனால் அவள் தேய்க்கும்போது யாராவது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்தை விளக்கும்போது இருக்கிற கை வேறு. இங்கே ரெண்டு லைட்டையும் பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்து, "சிரிக்காதடி, ஒழுங்கா நில்லு" என்று அதட்டுவாள்.

நல்லகாமன் மனைவி ஜெயக்கொடிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. வண்டி வந்த புதிதில் ஆசையாக ஏறி உட்கார்ந்தாள். ஏறியது வரைக்கும் சரி. இறக்குவதற்கு இந்தப் பக்கம் நல்லகாமனும் அந்தப் பக்கம் பால்காரரும் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. மொத்தத் தெருவும் பார்த்தது. அன்றிலிருந்து, "அந்த ஷெட்டை இடிச்சு ஒரு ரூம்பு போட்டா வாடகைக்காச்சும் விடலாம்" என்று தினமும் சொல்லி வந்தாள். பன்னிரண்டு வருஷம் சொன்னதில் எழுபத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் நல்லகாமன் தளர்ந்துவிட்டார். தேனியில் சினிமாக் கொட்டகை வைத்திருக்கும் காசிமாயன் வண்டியைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை நல்லகாமன் பாண்டியம்மாளிடம், "பழைய மெழுகை மண்ணெண்ணெய் வச்சு மொத்தமா எடுத்துரும்மா. நாளைக்கு வெள்ளன வந்து புதுசாப் போட்டுருவோம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வித்துருவீகளாண்ணே?"

"வித்துத்தான் ஆகணும்."

அவள் மண்ணெண்ணெய்த் துணியால் மூக்கிலிருந்து வால்வரைக்கும் துடைத்தாள். தண்ணீர் விட்டுக் கழுவினாள். சாயங்காலம் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை. அடுப்படிக்குப் போய் மஞ்சள் தூளை நல்லெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தாள். வேற்றூருக்குப் போகிற பெண்ணுக்கு எப்படிப் பூசுவார்களோ அப்படி ரெண்டு கன்னத்திலும் நெற்றியிலும் லைட்டுகளைச் சுற்றியும் பூசினாள். குழைத்ததில் மிச்சமிருந்ததைக் கதவிலும் தடவினாள். அவள் வீட்டில் இப்படி யாருக்கும் பூச வாய்க்கவில்லை. பூசிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஏன் செய்தோம் என்று தெரியாமலே நடந்து வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து கழுவினால் மஞ்சள் போகவில்லை. சோப்புப் போட்டாள், போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டாள், நன்றாகப் பரவியது. நல்லகாமன் வந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். ஜெயக்கொடி வந்தாள். அவள் வாய் மூடவில்லை.

"ஏண்டி, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? வாங்க வர்ற நேரத்துல மஞ்சக்காமாலை வந்தவன் கணக்கா ஆக்கி வச்சிருக்க!"

"வெயில்ல வச்சா வெளுத்துரும் மதினி. சேலையில பட்ட மஞ்சளே போயிருது."

"எப்ப?"

"நாலு நா ஆகும்."

வாசலில் கார் வந்து நின்றது. காசிமாயன் இறங்கினார். வெள்ளை வேட்டி, தங்கப்பல். ஷெட்டுக்குள் ரெண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார்.

"எந்தச் சாமிக்கு நேந்துவிட்டிருக்கீக?" என்றார் மெதுவாக.

ஒருவருக்கும் புரியவில்லை. நல்லகாமன்தான் முதலில், "அண்ணே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல..." என்று இழுத்தார்.

"நம்ம ஊர்ல கெடாவுக்கு மஞ்சத் தெளிச்சு நேந்துவிட்டா, அதை வெலைக்குப் பிடிச்சவன் உருப்பட்டிருக்கானா? எங்க சித்தப்பா ஒருத்தர் தெரியாமப் பிடிச்சாரு. ஒத்தக் காலு போச்சு. மொகத்துல மஞ்ச, நெத்தியில மஞ்ச, இது நேந்த வண்டிதான். யாரு பூசுனது?"

ஜெயக்கொடியின் விரல் பாண்டியம்மாளைக் காட்டியது.

"ஏத்தா, சொல்லு. எந்தச் சாமிக்கு?"

சாமியெல்லாம் இல்லை, நான்தான் சும்மா பூசினேன் என்று சொன்னால் போதும். வண்டி தேனிக்குப் போய்விடும். நல்லகாமன் அவளையே பார்த்தார். பாண்டியம்மாள் காரைப் பார்த்தாள். அது மஞ்சள் முகத்தோடு இளித்துக்கொண்டிருந்தது. சும்மாதான் பூசினேனா? சும்மா யாராவது பூசுவார்களா?

"தெரியலண்ணே" என்றாள். "கை தானாப் பூசிருச்சு."

அவ்வளவுதான். காசிமாயன் செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. போகும்போது ஷெட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் பாண்டியம்மாளுக்கு விளங்கவே இல்லை. திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றாள். ஜெயக்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கை தானாவாடி பூசுச்சு?" என்று கேட்டாள். அன்றைக்கே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கோத்துக் கம்பிவாயில் கட்டினாள். ஷெட்டை இடிக்கிற பேச்சு அன்றோடு நின்றது. நல்லகாமன் மூன்று நாள் வண்டியை வெயிலில் தள்ளித் தள்ளி வைத்தார், வெயில் நகர நகர இவரும் நகர்த்தினார். அவர் சீட்டி அடித்ததைப் பாண்டியம்மாள் முதல்தடவை அப்போதுதான் கேட்டாள்.

நாலாம் நாள் வண்டி வெளுத்தது. புது மெழுகு போட்டு அவள் தேய்த்ததில் வேப்பமரம் கதவில் தலைகீழாகத் தெரிந்தது. ஜெயக்கொடி தேங்காய் பழத்தட்டோடு வந்தாள்.

"ஒத்தக்கடை நரசிங்கம் கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு தேங்கா ஒடச்சிட்டு வந்துருங்க. பூசுனவதான் போகணும். பாண்டியம்மா, நீ ஏறு."

"நானா? என்னால ஆகாது மதினி. ஊரு சிரிக்கும்."

"என்னையப் பாத்துச் சிரிச்ச ஊருதான. ஏறு!"

உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்து ஏறினாள். ஆறு வருஷம் தேய்த்த சீட்டில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தாள். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. வைகைப் பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையம் கூட்டத்தில் நெளிந்து, மேலூர் ரோட்டில் ஏறியதும் வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. காற்று முந்தானையைப் பிடுங்கியது, கொண்டை அவிழ்ந்தது. தூரத்தில் யானைமலை படுத்திருந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. தேங்காய்த் தட்டை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் கத்தினாள், பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரியவில்லை.

"பாண்டியம்மா," என்று நல்லகாமன் காற்றுக்கு மேலே கத்தினார், "மெழுகில்லேன்னா கறை இறங்கும்னு நான் சொன்னேன்ல? தெரிஞ்சேதான் பூசுனியா?"

"அதான் எனக்கும் தெரியலண்ணே!"

அவர் சிரித்ததில் வண்டி ஒருமுறை ஆடிவிட்டு நேரானது.

இடது லைட்டின் வளையத்துக்கு உட்பக்கம், வெயில் எட்டாத இடத்தில், விரல் அகலத்துக்கு மஞ்சள் இன்னும் இருக்கிறது. நல்லகாமன் பார்த்ததில்லை. தினமும் காலையில் பாண்டியம்மாளின் பனியன் துணி வட்டவட்டமாக அதுவரைக்கும் வரும், அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.