செப்பு வளையத்தின் மேல் சாம்பல்

ஆய்வுகூடத்தின் வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஜெர்மனியிலேயே வேறொரு நகரான ஹனோவரில் ஒரு கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே போய்விடலாம். வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். சமையலறை, கட்டட வேலை, மீன் தொழிற்சாலை என்று ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஆனால் எதையும் பாழாக்கிவிட்டுப் போனதில்லை. இம்முறை பாழாக்கிவிட்டேன் என்றே நம்பினேன்.

அன்றுதான் முதல் நாள். அங்கே டெக்னீஷியனாக இருந்த மன்னாரைச் சேர்ந்த அண்ணை ஒருவர் எனக்குச் சுமை தூக்கும் வேலையை எடுத்துத் தந்திருந்தார். நியூட்ரினோ என்ற துகள் எதிலும் முட்டாமல் நம்மை ஊடுருவிப் போகிறதாம். அதன் எடை என்ன, அதுவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றேதானா என்று அறிய, ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகத்துக்குள் மிக அரிதான ஓர் அணுச் சிதைவு நிகழுமா என்று பார்த்துக் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறு கதிரியக்கம் துளி இருந்தாலும் எல்லாம் குழம்பிவிடும். அதனால் படிகத்தைத் தாங்கும் செப்பு வளையங்களில் தூசிகூடப் படக்கூடாது.

சென்ட், கிரீம் எதுவும் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். திருநீற்றை நான் அந்த வகையில் சேர்க்கவில்லை. முதல் நாள் என்பதால் வழக்கத்தைவிட நிறையப் பூசியிருந்தேன். வளையம் இருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கக் குனிந்தபோது திருநீறு அதன்மேல் உதிர்ந்தது. இது என்ன என்று அங்கிருந்த பெண் ஆய்வாளர் கேட்டார். சாம்பல் என்றேன். அவர் முகம் மாறியது. சாம்பலில் பொட்டாசியம் உண்டு, அதுவே கதிர் வீசும் என்று சொல்லி எல்லோரையும் அறையைவிட்டுப் போகச் சொன்னார். நான் கட்டடத்தைவிட்டே போனேன்.

நிறுத்தத்தில் நின்றபோது அண்ணை அழைத்தார்.

“எங்க நிக்கிறாய்?”

“ஹனோவருக்குப் போறன் அண்ணை.”

“விசரோ உனக்கு? வளையத்துக்கு ரெண்டு பை போட்டிருக்கு. சாம்பல் வெளிப்பையிலதான் விழுந்தது, அதைக் கழட்டி எறிஞ்சாச்சு. செப்புக்கு ஒண்டும் இல்லை.”

உண்மைதானா என்று இரண்டு தரம் கேட்டேன்.

“ஓம், ஓம். நாங்கள் வேதக்காரர், சாம்பல் புதனெண்டு வருசத்தில ஒருநாள்தான் சாம்பல் பூசுறது. அண்டைக்கு நான் லீவு எடுக்கிறனான். நீ அதைச் சொல்லி ஒவ்வொரு நாளும் லீவு கேட்டிடாத.”

நிறுத்தத்திலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து சிரித்தேன். பஸ் வந்து போனது.

மறுநாள் காலை அந்த ஆய்வாளர் வேறொரு வேலை தந்தார்: ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டால் துடைத்து, வெளிக் கதிர் உள்ளே வராமல் படிகத்தைச் சுற்றிச் சுவராக அடுக்குவது. பார்க்கச் சிறியவை, நல்ல கனம். இடுப்புத் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்று சொல்லிக் கையுறையைப் போட்டுக்கொண்டேன்.