கடைசியாகக் கூப்பிடப்படுகிறவள்

வீடு கட்டி, பெயின்ட் அடித்து, கேட் மாட்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் ஜனங்களுக்கு அவள் ஞாபகம் வரும். "மேடம், வீடு ரெடி. சுத்தி கொஞ்சம் இடம் கிடக்கு. நாலு செடி வச்சுக் குடுத்துடுங்களேன்" என்பார்கள். நாலு செடி! அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குச் சுர்ரென்று ஏறும். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை வடிவமைப்பது அவள் தொழில். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், மத்தியான வெயில் எந்தச் சுவரில் விழும், எந்த அறையிலிருந்து எந்தக் கதவு வழியாக மண்ணுக்கு இறங்குவது என்பதையெல்லாம் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வரைந்து முடித்திருக்க வேண்டும். அவளோ படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு தியேட்டருக்குள் நுழைகிறவள் மாதிரி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தாள்.

போன இடத்தில் முதல் வேலையாக ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டுவாள். அது முக்கால்வாசி வீடுகளில் நேராக வாசற்படிக்கே திரும்பி வரும். உடனே கச்சேரி ஆரம்பம். இன்ஜினியர், மேஸ்திரி, வீட்டுக்காரர் என்று அவளிடம் திட்டு வாங்காதவர் ஒருத்தர் பாக்கி இருக்க மாட்டார். மேஸ்திரிகள் அவளுக்குப் பச்சை மிளகாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஒரு வீட்டுக்காரர் உடைந்த செங்கல், காய்ந்த சிமென்ட், கிழிந்த சாக்கு எல்லாவற்றையும் புதைத்து, மேலே ஒரு சாண் செம்மண் போட்டு மூடிவிட்டு, "எந்தச் செடி வச்சாலும் கருகுது, ராசியில்லாத இடமோ என்னமோ" என்றார். அவள் அத்தனையையும் தோண்டி எடுத்து அவருடைய பளபளப்பான போர்டிகோவில் குவித்துவிட்டு வந்தாள். அந்த வேலை போயிற்று. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே புருஷன் கேட்பான்: "இன்னிக்கு யாரு மாட்டினது?"

இப்படிப்பட்டவளுக்கு ஒரு அண்ணன். அவனும் வீடு கட்டினான்.

கட்டியதே அம்மாவுக்காகத்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. டாக்டரிடம் போகும் நாள் தவிர அம்மா தரையைத் தொட்டதில்லை. பால்கனிக் கம்பிக்குள்ளிருந்து கீழே குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "தனி வீடு கட்டிடறேன்மா. யார் தயவும் இல்லாம நீயே உருட்டிட்டு வெளிய போய் உக்காரலாம்" என்று அண்ணன் சொன்னபோது தங்கைக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "பிளான் போடும்போதே என்னைக் கூப்பிடுண்ணா" என்றாள். "உன்னைக் கூப்பிடாம வேற யாரைக் கூப்பிடப் போறேன்?" என்றான்.

கூப்பிடவில்லை. அஸ்திவாரம் போட்டது அண்ணி வாய் வழியாகத் தெரிந்தது. சொந்த அண்ணன் வீட்டுக்கு வலியப் போய் நிற்க அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் போன் வந்தது. "வீடு ரெடி. குடி வந்தாச்சு. நாலு செடி வச்சுக் குடேன்."

போனாள். அன்றைக்கு வாளி தேவைப்படவில்லை, கண்ணே போதும். ரோட்டை மறுபடி போட்டு உயர்த்தினால் வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று பயந்து வீட்டை மூன்றடி தூக்கிக் கட்டியிருந்தான். முன்னால் படிகள், பின்னால் சமையலறையிலிருந்து இன்னும் குறுகலான படிகள். அம்மா அறை ஜன்னலுக்கு வெளியே செப்டிக் டேங்க், மோட்டார், ஆளுயரத்துக்குக் குழாய்கள். வீட்டின் மறுபக்கம் வராண்டாவிலிருந்து பின்பக்கத்து மண் வரைக்கும் நீளமான இடம் இருந்தது. அதில் கான்கிரீட் போட்டு, புதுக் காரை நிறுத்தி, அதற்கு உறையும் மாட்டியிருந்தான். அம்மா வராண்டாவில், முதல் படிக்கு ஒரு முழம் முன்னால், நாற்காலியில் பிரேக் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மாடி இறங்கி வந்து மூன்றடியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அம்மா எப்படி வெளிய போவாங்க?"

"ஏன், தூக்கி விட நாங்க இல்லையா?"

"தூக்கி விடறதுக்கு அம்மா என்ன அரிசி மூட்டையா? தானா போகணும்னுதானே வீடே கட்டின?"

அண்ணன் சிரித்து மழுப்பினான். "ஒரு பலகை போட்டாப் போச்சு. இதுக்குப் போய்..."

"பலகை போட்டா அம்மா நேரா கேட்டுல போய் முட்டுவாங்க. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சரிவு வேணும். மூணடிக்கு முப்பத்தாறு. முதல்லயே கூப்பிட்டிருந்தா அஸ்திவாரம் தோண்டின மண்ணை வச்சே பின்பக்கத்தை மெதுவா உயர்த்தி, அம்மா ரூம்ல ஒரு கதவு வச்சு, அப்படியே உருண்டு போற மாதிரி பண்ணியிருப்பேன். அந்த மண்ணு எங்க?"

"லாரிக்காரன்கிட்ட குடுத்துட்டேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில். "இப்ப முப்பத்தாறு அடி கிடைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். கார் நிக்கற இடம். காரை ரோட்டுல நிறுத்து."

"விளையாடறியா? புதுக் கார். வெயில்லயும் மழையிலயும் நிக்கணுமா?"

"அப்ப அம்மா உள்ளயே கிடக்கணுமா? காருக்கு உறை வாங்கத் தெரிஞ்ச உனக்கு, என்னை ஒரு போன் பண்ணிக் கூப்பிடத் தெரியலையா? ஊர்ல இருக்கிறவனெல்லாம் என்னைக் கடைசியில கூப்பிடறான். நீயுமா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டாள். அண்ணன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அவனைத் திட்டாதே" என்றாள் அம்மா. "உன்னைக் கூப்பிட வேண்டாம்னு சொன்னது நான்தான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ வந்தா மேஸ்திரியோட சண்டை, இன்ஜினியரோட சண்டை, அண்ணனோட சண்டை. வீடு கட்டி முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் பேசிக்காமப் போயிடுவீங்களோன்னு பயமா இருந்தது. சத்தமில்லாம முடியட்டும்னு நினைச்சேன்."

ஊரில் யார் வெளியே நிறுத்தினாலும் அவள் திட்டித் தீர்த்துவிடுவாள். இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அண்ணனுக்கு மூச்சு வந்தது. "கேட்டுக்கிட்டியா? அம்மாவுக்கே ஒரு குறையும் இல்ல. நீதான் சும்மா குதிக்கிற."

"குறை இல்லைன்னு யாருடா சொன்னா?"

அம்மா அப்படிக் கத்தி இருவருமே கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னலே படக்கென்று மூடிக்கொண்டது.

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இந்தப் படியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். தூக்கி விடறேன்னு சொன்னியே, வந்ததிலேர்ந்து ஒரு தடவை தூக்கினியா? நானும் வாயைத் திறக்கல, சண்டை வேண்டாம்னு. போதும். போய்க் காரை எடு."

"அம்மா, இப்பவேவா..."

"இப்பவே."

அண்ணன் சாவி தேடி உள்ளே போனான். கார் புறப்பட்டு, கேட்டைத் தாண்டி, ரோட்டோரத்தில் உறையில்லாமல் போய் நின்றது. அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு முனையை வராண்டா ஓரத்தில் கல் வைத்து அழுத்திவிட்டு, காலியான கான்கிரீட்டில் பின்பக்கம் பார்த்து இழுத்துக்கொண்டே நடந்தாள். அம்மா பிரேக்கை விடுவித்து, நாற்காலியை வராண்டா ஓரம் வரைக்கும் உருட்டி வந்து பார்த்தாள்.

"இன்னும் கோபமா இருக்கியா?"

"ஆமா."

"யார் மேல?"

"உன் மேலதான்."

அம்மா நாற்காலிக்குப் பிரேக் போட்டாள்.

"சரி. முதல்ல அளந்து முடி. அப்புறம் திட்டு" என்றாள்.