எண்ணெய் வைத்த தலை

அமுக்கராச் சூரணம் தூக்கம் தருமா என்று எங்கள் சித்த மருத்துவமனையில் சோதித்தபோது, மூளை அலைகளைப் பதிவு செய்யத் தலையில் கம்பிகள் ஒட்டுவது என் வேலை. தூக்கமே இல்லை என்று இனயம் கடற்கரையிலிருந்து, மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். கூடை சுமந்து உச்சியில் முடி தேய்ந்திருந்தது. மிச்ச முடியில் தேங்காயெண்ணெய் வழிந்தது.

"எண்ணெ வைக்காம வரச் சொன்னேனே அம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் பறட்டத் தலையோட வரவா மக்களே?"

எண்ணெயில் கம்பி ஒட்டாது. எரிச்சலோடுதான் வெந்நீர் வைத்து, ஷாம்பு போட்டுத் தேய்த்துவிட்டேன்.

"என் தலையில இன்னொருத்தர் கை பட்டு எத்தற வருசமாச்சு" என்றவர், நான் துவட்டி முடிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மருந்தை இன்னும் கொடுக்கவே இல்லை.

அடுத்த வாரமும் எண்ணெய் தேய்த்தே வந்தார். நான் கம்பிகளை ஒதுக்கிவைத்துவிட்டு வெந்நீர் வைத்தேன்.