குழிக்கு முன் ஒரு முகம்

கடலூரில் ஒரு மாலை நாளிதழுக்கு நான் கேலிச்சித்திரம் வரைகிறேன். தலைவர்களுக்கு மூக்கு, தொப்பை, மரு எல்லாம் துல்லியமாகப் போடுவேன். பொதுமக்களுக்கு மட்டும் வெறும் வட்டத் தலை.

போன மழைக்காலத்தில், எங்கள் ஊர் செம்மண்டலம் பகுதியில் மூடாமல் கிடந்த வடிகாலைப் பற்றி வரைந்தேன். ஒரு வட்டத் தலையர் அதில் தலைகுப்புற விழுகிறார். பக்கத்தில் தலைவர் திறப்புவிழா ரிப்பன் வெட்டுகிறார். படம் வந்த அதே வாரம், அந்த வடிகாலில் ஒரு தையல்காரர் விழுந்து இறந்துபோனார்.

"முன்னாடியே சொல்லிட்டீங்களே சார்!" என்று டீக்கடையில் கைகுலுக்கினார்கள். கையை இழுத்துக்கொண்டேன். தையல்காரர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன்.

அவர் மனைவி என் படத்தை எடுத்து வந்தார்.

"இதைப் பார்த்துட்டு அப்படிச் சிரிச்சாருங்க. இப்ப குடிச்சிட்டு விழுந்தாருன்னு சொல்றாங்க. புளிச்ச மோரு கூட குடிக்க மாட்டாரு சார். பொண்ணு வெட்கப்பட்டுக்கிட்டு ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குறா."

பிறகு அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல மூஞ்சியே இல்லியே. யாரை வேணா, என்ன வேணா சொல்லலாம் இல்ல?"

மாலை போட்ட போட்டோவைப் பார்த்து அங்கேயே வரைந்தேன்: கழுத்தில் இஞ்ச் டேப், காதில் சாக்பீஸ், பின்னால் அந்த வடிகால்.

"மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை சார்" என்று அந்த அம்மா திருத்தினார்.

"சிரிப்பு எங்க சார்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார் பத்திரிகை ஆசிரியர்.

"இதுல இல்ல சார்."

அப்படியே போட்டார்.

வடிகால் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. இப்போதெல்லாம் யாராவது விழுவதாக வரைய நேர்ந்தால், முதலில் அவர் முகத்தை முடித்துவிட்டுத்தான் குழியை வரைகிறேன்.