ரூபாய் விழுந்ததற்கு ஒரு ஸ்தோத்திரம்

தொண்ணூற்றொன்றில் அரசாங்கம் ஒரே வாரத்தில் இரண்டு முறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஆறு ரூபாய்க்கும் கீழே இருந்த சவூதி ரியால் ஏழு ரூபாயை நெருங்கியது. முகப்பேரில் எங்கள் மேல்வீட்டு அக்காவின் புருஷன் ரியாத்தில் ஏசி மெக்கானிக். அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா பாஸ்டரை வரவழைத்து வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்துவிட்டார். கேசரியும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ரூபா வுழுந்துகீது, அதுக்கு இன்னாத்துக்குக்கா ஸ்தோத்திரம்?"

"உனுக்குத்தான் வுழுந்துகீது தம்பி. எங்களுக்கு ஏறிகீது. கேசரி துன்னு."

தேசமே திவாலாகிறது என்று டீக்கடையில் முழங்கிவிட்டு வந்த நான், கேசரிக்காக ஆமென் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் குடும்பத்தை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

இரண்டு வருஷம் கழித்து, அதே அக்கா புருஷன் பிடித்துக் கொடுத்த விசாவில் என் தம்பி ரியாத் போனான். அவன் வீட்டுக்கு பேங்க் டிராஃப்டில் பணம் அனுப்பத் தொடங்கிய நேரம் பார்த்து ரியால் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. "ஆண்டவரே, ரூபாயை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும்" என்று மேல்வீட்டு ஜெபத்தில் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது என் குரல்தான்.

எஸ்டேட்டில் எனக்கு அப்போதும் ரூபாயில்தான் சம்பளம்.